காரைக்குடி 630001 பகா எண்ணா?

அன்புள்ள ஐயா,

எங்கள் காரைக்குடியின் பின்கோடு 630001. 2, 3, 5, 7 எதால் வகுத்தாலும் மீதி 1 வருகிறது. 11, 13 இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், வகுபடவில்லை. பகா எண் என்று சொல்லிவிடலாமா? பக்கத்தில் கானாடுகாத்தானின் 630103-ம் அப்படித்தான் தெரிகிறது.

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே பகு எண்கள். ஆனால் ஒன்றைப் பிடிக்கும் வழியில் மற்றது சிக்காது. உங்கள் கேள்வி எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

மீதி 1 வருவதில் வியப்பில்லை. 630000 = 2⁴ × 3² × 5⁴ × 7. அதோடு 1 கூட்டினால் இந்த நான்கும் விலகிவிடும், அவ்வளவுதான். மற்ற பகா எண்களுக்கு அது தடையே இல்லை. 2×3×5×7×11×13 + 1 = 30031 என்பதைப் பகா எண் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு; அது 59 × 509.

630001-ன் வர்க்கமூலம் 793.7. ஆக, 793 வரை உள்ள 138 பகா எண்களும் தோற்றால்தான் பகா எண் என்று சொல்ல முடியும். நீங்கள் பார்த்தது ஆறு. 19-வதான 67-ல் அது மாட்டிக்கொள்கிறது. நீள்வகுத்தல் போட வேண்டாம். 67×3 = 201 என்பதால், கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் 20 மடங்கை மீதமுள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். 63000 − 20 = 62980. கடைசிப் பூஜ்யம் போனால் 6298. மறுபடி வெட்டினால் 629 − 160 = 469, அதாவது 67×7. ஆகவே 630001 = 67 × 9403. இந்த 9403 பகா எண்.

கானாடுகாத்தானுக்கு இப்படி வகுத்துக்கொண்டே போனால் 116-வது பகா எண் வரை நடக்க வேண்டும். அங்கே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் வழி கைகொடுக்கும்: எண்ணை a² − b² என்று இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது; அது (a − b) × (a + b) என்று உடைந்துவிடும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 794-ல் தொடங்குங்கள்: 794² − 630103 = 333. இது வர்க்கம் இல்லை. அடுத்த எண்ணை வர்க்கப்படுத்தத் தேவையில்லை; 794 + 795 = 1589 கூட்டினால் 1922, பிறகு 1591 கூட்டினால் 3513, அப்புறம் 1593 என்று ஒற்றை எண்களாகக் கூட்டிக்கொண்டே போகலாம். 2, 3, 7, 8-ல் முடிந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்; எந்த வர்க்கமும் அப்படி முடியாது. 19-வது படி 812. அங்கே 29241 வரும், அது 171². 812 − 171 = 641, 812 + 171 = 983. முடிந்தது: 630103 = 641 × 983. இந்த 641 சாதாரண ஆள் இல்லை. 2³² + 1 பகா எண் என்று அதே ஃபெர்மா நம்பியிருக்க, கணித அறிஞர் ஆய்லர் 1732-ல் அதை உடைத்தது இந்த 641-ஐ வைத்துத்தான்.

இதே வழியில் 630001-ஐ உடைக்கப் போனால் 3942 படி ஆகும். காரணிகள் 67, 9403 என்று வெகுதூரம் தள்ளி நிற்கின்றன. அவற்றின் சராசரி 4735 வரை ஏற வேண்டும். ஆகவே காகிதத்தில் செய்கிறவர்கள் முதலில் 100 வரை வகுத்துப் பாருங்கள், பிறகு 20 படி ஃபெர்மா, அதிலும் சிக்காவிட்டால் 101-லிருந்து மறுபடி வகுத்தல். ஃபெர்மா வழியில் கூட்டும்போது ஒற்றை எண் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பின் எல்லாமே தப்பாகிவிடும். கானாடுகாத்தானுக்கு ஏழாவது படி 800; அங்கே 640000 − 630103 = 9897 வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.