கட்டியக்காரர் மாறிய வருடம்

அன்புள்ள ஐயா,

கூத்தைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் வாசிப்பவன் நான். இது வேறு விஷயம். என் மகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது 'தி டெய்லி ஷோ'வை எனக்குப் பழக்கிவிட்டாள். செய்தி வாசிப்பவரைப் போலக் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து, அன்றைய செய்தியையும் அதைச் சொன்ன செய்திச் சேனல்களையும் கிழித்துத் தொங்கவிடும் நிகழ்ச்சி. ஜான் ஸ்டூவர்ட் நடத்தியவரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் ஒரு துண்டாவது பார்க்காமல் படுத்ததில்லை. 2015இல் அவர் விலகி ட்ரெவர் நோவா வந்தார். ஒரு வாரம் பார்த்தேன், விட்டுவிட்டேன். "இந்த ஆளுக்கு அந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்று சொன்னேனாம். போன மாதம் மகள் வந்திருந்தபோது அதை நினைவுபடுத்தினாள். "காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு அவரை வெளியூர்க்காரர் என்றீர்களே அப்பா! உங்களுக்கு அவருடைய நிறமும் உச்சரிப்பும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. நான் செய்தது அநியாயமா?

ச., காட்பாடி

*

அன்புள்ள ச.,

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய குற்றம் எதையும் நீங்கள் செய்துவிடவில்லை. ஆனால் உங்கள் மகள் கெட்டிக்காரி. காட்பாடி என்ற ஒரு சொல்லில் உங்களை மடக்கிவிட்டார். அமெரிக்கத் தேர்தலைப் பொறுத்தவரை நீங்களும் நானும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நோவாவைவிடப் பெரிய வெளியூர்க்காரர்கள்.

நிறம் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அது உங்களுக்கும் உங்கள் மனதுக்கும் நடுவே உள்ள கணக்கு. உச்சரிப்பு பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன். ஸ்டூவர்ட்டின் ஆங்கிலம் உங்களுக்கு முதல் நாளே புரிந்ததா? எனக்குப் புரியவில்லை. வாயில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கியதுபோல இருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறார், ஏன் சிரிக்கிறார்கள் என்று பிடிபடவே மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களைப் பொறுமையாக அவருக்குக் கொடுத்தோம். நோவாவுக்குக் கொடுத்தது ஒரு வாரம்.

ஸ்டூவர்ட்டே ஒரு காலத்தில் புதியவர்தான் என்பதும் நமக்கு மறந்துபோகிறது. 1996இல் காமெடி சென்ட்ரல் சேனலில் நிகழ்ச்சி தொடங்கியபோது அதை நடத்தியவர் கிரெய்க் கில்போர்ன். சினிமாக்காரர்கள், வினோதச் செய்திகள் என்று அது வேறொரு தினுசில் ஓடியது. 1999 ஜனவரியில் ஸ்டூவர்ட் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை அரசியல் பக்கம் திருப்பினார். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் அது நாம் அறிந்த வடிவத்துக்கு வந்தது. நீங்களும் நானும் அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து, பழுத்த பழத்தைச் சாப்பிட வந்தவர்கள். காயாக இருந்தபோது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது.

நோவாவின் தொடக்கம் சரியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 மார்ச்சில் அறிவிப்பு வந்த கையோடு, அவர் சில வருடங்களுக்கு முன் ட்விட்டரில் எழுதிய கேலிகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். யூதர்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் எழுதிய மட்டமான கேலிகள். செப்டம்பர் 28 அன்று அவர் நாற்காலியில் அமர்ந்தபோது, பாதிப் பேர் செய்தியை விட்டுவிட்டு ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை அதே மாதிரி மேசை, எழுதிக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். சட்டையை வேறு ஆளுக்குப் போட்டுவிட்டதுபோல இருந்தது. கேலியைச் சொல்வதற்கு முன்பே அவர் சிரித்துவிடுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஸ்டூவர்ட்டுக்கு உண்மையிலேயே கோபம் வரும். பேனாவைத் தூக்கிப் போடுவார், வாய் குழறும். இவர் இஸ்திரி கலையாமல் பேசினார்.

நம்மிடமும் இது நடந்தது. 1970 பொங்கலன்று தொடங்கிய 'துக்ளக்' 2016 டிசம்பரில் சோ மறையும் வரை ஒரே மனிதரின் குரல். பிறகு குருமூர்த்தி ஆசிரியரானார். வேலூரில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் அதை வாரம் தவறாமல் வாங்குவார்கள். அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "படிக்கிறேன் சார். ஆனால் படிக்கும்போது காதில் அவர் குரல் கேட்க மாட்டேன் என்கிறது." எழுத்து சரியில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் கூத்துக் குறிப்புகளை வாசிப்பவர் என்பதால், எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். இதையெல்லாம் நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் திமிரிக்குப் பக்கம். அன்று வடாற்காடு, பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எங்கள் ஊருக்கு வழக்கமாக வரும் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கட்டியக்காரர் ஒருவர் இருந்தார். கட்டியக்காரர் என்பவர் ராஜா வருவதற்கு முன் வந்து கட்டியம் கூறுபவர், ராஜாவுக்குச் சேவகர், அதே நேரத்தில் ராஜாவின் மானத்தை வாங்குபவர். ஹஸ்தினாபுரத்துக்கும் திமிரிக்கும் நடுவே அவர் இஷ்டத்துக்குப் போய் வரலாம். துரியோதனனோடு பேசிக்கொண்டே முன்வரிசையில் இருக்கும் ரேஷன் கடைக்காரரைப் பார்த்து இரண்டு வார்த்தை விடலாம். அன்றைய இரவுக்குப் பணம் கொடுத்த உபயதாரரே மாட்டிக்கொள்வார். வேறு யாராவது சொன்னால் வெட்டுக்குத்தாகிவிடும் பேச்சு, இவர் வாயிலிருந்து வந்தால் திட்டு வாங்கியவரே ஐந்து ரூபாய் அன்பளிப்புக் கொடுப்பார்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. அவர் அதை ஆண்டுதோறும் சொல்வார். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி வைத்துவிட்டார்கள். அந்த வருடம் அவர் மேடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "சாமி வந்து என் பிழைப்பைக் கெடுத்துவிட்டதே! பாலாறாவது என்னைக் கைவிடாமல் இருக்கட்டும்." பாலாறு இன்றுவரை அவரைக் கைவிடவில்லை.

1990இல் அவருக்கு முழங்கால் போய்விட்டது. வேஷம் கட்ட முடியாது என்று பின்பாட்டுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டார். செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கட்டியக்காரர் வேஷம். இருபத்தைந்து வயதிருக்கும்.

முதல் இரவு வில் வளைப்பு, திரௌபதியின் சுயம்வரக் கதை. கூம்புக் குல்லாய், முகத்தில் வெள்ளைப் புள்ளிகள், கையில் கோல், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பையன் திரையை விலக்கி வந்து, இடது காலைத் தூக்கித் தூக்கி நொண்டி அடித்தான். பழையவர் கடைசி இரண்டு மூன்று வருடமாக முழங்கால் வலியை மறைக்கக் கண்டுபிடித்திருந்த நடை அது. பையன் அதைத்தான் கட்டியக்காரரின் அடவு என்று நினைத்துப் பாடம் செய்திருக்கிறான்! நல்ல காலை வைத்துக்கொண்டு அவன் நொண்டிய நொண்டலைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "எங்கள் ஆளைக் கூப்பிடு" என்று குரல் கொடுத்தாள். "செய்யாற்றுக்காரனுக்கு நம்ம ஊர்ப் பேச்சு வருமா?" என்று என் பெரியப்பா பக்கத்தில் முணுமுணுத்தார். உங்கள் வாக்கியம்தான், ச.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. பையன் ஏதாவது சொன்னால் கூட்டம் அவனைப் பார்க்காமல் பெஞ்சில் இருந்த பழையவரின் முகத்தைப் பார்த்தது. அவர் உதடு அசைந்தால் சிரிப்பது, அசையாவிட்டால் கடலையை உரிப்பது. இப்படியே நாலைந்து இரவு போயிற்று. துகிலுரிதல் அன்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு அழுகிற கூட்டத்தில் கட்டியக்காரருக்கு அதிகம் வேலையில்லை. அன்று மட்டும் பையன் தப்பித்தான்.

பிறகு கிருஷ்ணன் தூது. இரவு இரண்டு மணி இருக்கும். கிருஷ்ணன் பாதி ராஜ்யம் கேட்கிறார், துரியோதனன் இல்லை என்கிறான். ஐந்து ஊர் கேட்கிறார், அதுவும் இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் வடாற்காட்டை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வேலூரைத் தலைநகராகக் கொண்டு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். செய்யாறும் ஆரணியும் அந்தப் பக்கம் போய்விட்டன. பையன் கோலை ஊன்றிக்கொண்டு துரியோதனன் முன்னால் போய் நின்றான். நொண்டவில்லை.

"மகாராஜா, சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து வடாற்காட்டையே இரண்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். உமக்கு ஐந்து ஊர் கொடுக்க வலிக்கிறதா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பையன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"கொடுத்தாலும் எந்த ஊர் எந்த மாவட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். போன பாரதத்தின்போது நான் உங்கள் மாவட்டத்துக்காரன். இந்த பாரதத்துக்குள் வெளி மாவட்டத்துக்காரனாகிவிட்டேன். நான் நகரவில்லை ஐயா, கோடுதான் நகர்ந்தது."

என் பெரியப்பா சிரித்துத் தும்மி மறுபடி சிரித்தார். நான் வழக்கம்போலப் பெஞ்சைப் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன், மற்றவர்களுக்கு அந்த ஞாபகமே இல்லை. பழையவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். தாளம் விட்டுப்போயிற்று. மிருதங்கக்காரர் அவரை ஒரு முறை முறைத்தார்.

நோவாவுக்கும் அப்படி ஒரு தருணம் வந்தது. நீங்கள் விட்டுவிட்டுப் போன சமயத்தில்தான். தொடங்கிய சில நாட்களில், அப்போது வேட்பாளர் போட்டியில் இருந்த டொனால்டு டிரம்ப்பின் பேச்சுகளையும் ஆப்பிரிக்க அதிபர்கள் சிலரின் பேச்சுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, இவர் எங்கள் ஊர் அதிபர்தானே, எனக்கு நன்றாகத் தெரியும் என்கிற பாவனையில் பேசினார். நியூஜெர்சியில் வளர்ந்த ஸ்டூவர்ட்டுக்கு அது வராது. வெளியூர்க்காரர் என்று திட்டினார்களே, அந்த வெளியூரையே எடுத்து மேசைமேல் வைத்தார். விளம்பர இடைவேளைகளில் அரங்கில் இருப்பவர்களோடு அவர் பேசியதைத் தனியாக எடுத்துப் போட்டார்கள். எனக்கு அவரைப் பிடித்தது அதில்தான். எழுதிக் கொடுத்த தாள் இல்லை, காலில் நொண்டல் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஊரடங்கியபோது வீட்டில் சோபாவில் உட்கார்ந்து நடத்தினார். கோட்டைக் கழற்றிய பிறகுதான் அந்தச் சட்டை அவருக்குப் பொருந்தியது என்பேன்.

2022 டிசம்பரில் போய்விட்டார். அதற்குப் பிறகு, 2024 ஜனவரியில், அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஸ்டூவர்ட் திங்கட்கிழமைகளில் மட்டும் வருவதாகச் சொல்லித் திரும்பி வந்தார். நான் ஆவலோடுதான் பார்த்தேன். வந்த முதல் நாளே பைடன், டிரம்ப் இருவரின் வயதையும் கேலி செய்தார். உடனே அவரைக் கொண்டாடியவர்களில் ஒரு கூட்டம், "நம் ஆளே இப்படிப் பேசலாமா?" என்று அவர் மீது பாய்ந்தது. எட்டரை வருடமாகப் பழையவர் வேண்டும் என்று அழுதவர்கள், அவர் வந்ததும் பழையவர் பழைய மாதிரி இல்லை என்று அழுதார்கள். சிரித்தேன். எனக்கும் அன்று அவர் கொஞ்சம் வேகம் குறைந்தவராகத்தான் தெரிந்தார். இருந்தாலும் இருவரில் யார் என்று கேட்டால் எனக்கு இன்றும் ஸ்டூவர்ட்தான். அதை மகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் விட்டதை மட்டும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

அந்தச் செய்யாற்றுப் பையன்தான் முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊரில் கட்டியக்காரர். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது அவருக்கு மறுபடியும் யோகம் அடித்தது. இப்போது அவருக்கும் முழங்கால் வலி. வருகிற வைகாசிக்கு வேறொரு பையனைப் பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லியனுப்பினார். நீங்களும் மகளும் வந்தால் நானே திமிரி பஸ் நிறுத்தத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன். வில் வளைப்புக்கு வராதீர்கள், கிருஷ்ணன் தூதுக்கு வாருங்கள். பாய் ஒன்று கொண்டுவரவும்.

அன்புடன்.