கண்ணாடியில் மோதும் பறவைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் கூடத்தில், தோட்டத்தைப் பார்த்தபடி, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்திருக்கிறோம். சின்னான்களும் புறாக்களும் அதில் அடிக்கடி மோதி விழுகின்றன; சில இறந்தும் போகின்றன. பருந்து உருவத்தை ஒட்டினால் பறவைகள் அண்டாது என்றார்கள், ஒட்டியும் பயனில்லை. உள்பக்கம் திரை போட்டும் நிற்கவில்லை. இவ்வளவு கூரிய பார்வை உள்ள பறவைகள் ஏன் இப்படி மோதுகின்றன? (வாசகி, கோத்தகிரி)

பதில்: பறவையின் பார்வையில் குறையில்லை. அது பார்ப்பது கண்ணாடியை அல்ல, கண்ணாடியில் தெரியும் உங்கள் தோட்டத்தை. பகலில் வெளியே வெளிச்சம் மிகுந்தும் வீட்டினுள் வெளிச்சம் குறைந்தும் இருப்பதால், எந்தச் சாதாரணக் கண்ணாடியும் வெளியிலிருந்து பார்க்கும்போது நிலைக்கண்ணாடி போலவே மரத்தையும் வானத்தையும் காட்டும். காலை பத்து மணியளவில் தோட்டத்தில் பறவைகள் உட்காரும் இடத்தில் நின்று உங்கள் கூடத்தைப் பாருங்கள். அங்கே கிளைகளும் மேகமும் தெரியுமானால், சின்னானுக்கும் அவையே தெரிகின்றன. அது அந்தக் கிளைக்குத்தான் பறந்து வருகிறது. கூடத்தின் எதிர்ச்சுவரிலும் ஜன்னல் இருந்தால், வீட்டை ஊடுருவிப் போகும் வழி ஒன்று இருப்பதாகத் தோன்றுவது இன்னொரு காரணம். நாம் கதவுச் சட்டத்தையும் கைப்பிடியையும் கண்டு, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று ஊகித்துக்கொள்கிறோம். பறவைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பருந்துப் படம் பயன் தராததற்கும் இதுவே காரணம். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் படத்தைப் பறவைகள் பருந்தாகக் கொள்வதில்லை. வழியில் இருக்கும் ஒரு பொருளாகக் கொண்டு, அதை விட்டு விலகி, பக்கத்தில் உள்ள வெற்றுக் கண்ணாடியில் மோதுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மியூலன்பெர்க் கல்லூரியைச் சேர்ந்த டேனியல் கிளெம் என்னும் பறவையியலாளர், 1970களிலிருந்து இந்த ஒரே சிக்கலை ஆராய்ந்து வருபவர், தனித்த பருந்து உருவங்கள் மோதலைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்பதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். உள்பக்கத் திரையும் அப்படித்தான். பிரதிபலிப்பு உண்டாவது கண்ணாடியின் வெளிப்பரப்பில். அதற்குப் பின்னால் கருநிறத் திரை தொங்கினால் பிம்பம் இன்னும் தெளிவாகவே தெரியும். ஆகவே எதைச் செய்தாலும் வெளிப்பக்கத்தில் செய்ய வேண்டும், கண்ணாடி முழுவதும் செய்ய வேண்டும், இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் செலவும் உழைப்பும் பெரும்பாலும் வீண்தான்.

இடைவெளி எவ்வளவு என்பதுதான் இதில் முக்கியமானது. ஒரு சந்தில் நுழைந்து போக முடியுமா என்பதைப் பறவை தன் உடலளவைக் கொண்டு கணிக்கிறது. செங்குத்துக் கோடுகள் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவோ, கிடைக்கோடுகள் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவோ இருந்தால் பெரும்பாலான பறவைகள் விலகிவிடும் என்பது முன்பு சொல்லப்பட்ட அளவு. தேன்சிட்டு போன்ற மிகச் சிறிய பறவைகளையும் கருதி, எல்லாத் திசைகளிலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்று இப்போது பரிந்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமான ஒரு கலை இருக்கிறது: நேர்ப்புள்ளி வைக்கத் தெரிந்த யாரும் இந்த வேலையைச் செய்துவிடலாம். கண்ணாடியின் வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவிக் காயவிடுங்கள். செய்தித்தாளில் 5 சென்டிமீட்டர் கட்டங்களாகக் கோடிட்டு அதை உள்பக்கமாக ஒட்டிக்கொண்டால், கோடுகள் சந்திக்கும் இடங்கள் வெளியே தெரியும். அந்த இடங்களில் வெள்ளை நிற ஆயில் பெயிண்டால் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். புள்ளியின் குறுக்களவு 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கருநிறப் புள்ளியைவிட வெள்ளைப் புள்ளி நல்லது. இலைகளின் கரும்பச்சைப் பிம்பத்தின் மீது அது பளிச்சென்று தெரியும். உள்ளே அமர்ந்து தோட்டத்தைப் பார்க்கும் உங்களுக்கு முதலில் உறுத்தலாக இருந்தாலும், பார்வை தொலைவில் பதியும்போது புள்ளிகள் மங்கிவிடுகின்றன.

இவ்வளவு எளிய புள்ளிகளால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். சிக்காகோ நகரில் ஏரிக்கரையில் இருக்கும் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு அரங்கின் கண்ணாடியில் மோதி, 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் வலசைப் பறவைகள் மடிந்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகளின் மீது சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த ஆண்டின் இலையுதிர்கால வலசையின்போது சாவுகள் 95 சதவீத அளவுக்குக் குறைந்தன. பறவைப் பாதுகாப்பில் இவ்வளவு குறைந்த முயற்சிக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைப்பது மிக அரிது என்பதால், இதை நான் எல்லாரிடமும் வலியுறுத்திச் சொல்லி வருகிறேன்.

பெயிண்ட் பிடிக்காவிட்டால் வெளிப்புறம் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடியிலிருந்து சிறிது தள்ளி விறைப்பாக நின்றால், பிம்பத்தை மங்கச் செய்வதோடு, தவறி வரும் பறவையையும் அடிபடாமல் தாங்கிக்கொள்ளும். அகலக் கண்ணாடிக்கு மற்றொரு வழி, சன்ஷேடிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நைலான் கயிறுகளைத் தொங்கவிடுவது. உங்கள் ஊர்க் காற்றுக்குக் கீழ்முனைகளையும் ஒரு கம்பியில் கட்டிவிட வேண்டியிருக்கும்.

வேலையை எந்தக் கண்ணாடியில் தொடங்குவது என்பதைப் பறவைகளே காட்டியிருக்கும். புறா மோதிய இடத்தில் அதன் இறகுத் தூள் படிந்து, விரித்த சிறகும் தலையும் வெண்மையான அச்சாகப் பதிந்திருப்பதைக் காலைச் சாய்வெயிலில் பார்க்கலாம். அந்த அச்சுகள் மிகுந்த பலகையை முதலில் சரிசெய்யுங்கள். பறவைகளுக்குத் தண்ணீரும் தீனியும் வைக்கும் வழக்கம் இருந்தால், அவற்றைக் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வைப்பது நல்லது. கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆனால் அவ்வளவு அருகிலிருந்து எழும் பறவைக்கு உயிர்போகும் அளவுக்கு வேகம் பிடிக்க இடமில்லை; 5 மீட்டர், 10 மீட்டர் தொலைவிலிருந்து மிரண்டு கிளம்பும் பறவைதான் முழு வேகத்தில் மோதிச் சாகிறது.

கேள்வி: ஒரு தேன்சிட்டு தினமும் காலையில் எங்கள் குளியலறை ஜன்னலைக் கொத்துகிறது, பிறகு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் கண்ணாடியோடு சண்டை போடுகிறது. இதுவும் அதே சிக்கல்தானா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை, இது வேறு. அங்கே பறவை கண்ணாடியை அறியாமல் மோதுகிறது. இங்கே கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை, எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று கருதி வேண்டுமென்றே தாக்குகிறது. இனப்பெருக்கக் காலத்தில் தேன்சிட்டும் வாலாட்டியும் குண்டுக்கரிச்சானும் இப்படிச் செய்வதுண்டு. மெய்யான எதிரியாக இருந்தால் சிறிது நேரத்தில் ஓடிவிடும். பிம்பமோ ஓடாமல் அடிக்கு அடி திருப்பித் தருவதால், சண்டை நாள்கணக்கில் நீள்கிறது. பறவை சாவது அரிதுதான். ஆனால் கூட்டைப் பேணவும் இரை தேடவும் வேண்டிய நேரமும் வலுவும் இதில் கரைகின்றன. வண்டி நிற்கும்போது கண்ணாடிகளின் மேல் துணிப்பையையோ பழைய காலுறையையோ மாட்டிவிடுங்கள். குளியலறை ஜன்னலின் வெளிப்புறத்தில் சோப்பைக் குழைத்துப் பூசினாலே போதும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கழுவிவிடலாம்.

கேள்வி: அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கண்ணாடி வைத்த படிக்கட்டுப் பகுதிக்குக் கீழே ஓர் அழகிய பறவை கிடந்தது. முதுகு பச்சை, சிறகில் நீலம், அடிவயிறு சிவப்பு, கண்ணை ஒட்டிக் கருப்புப் பட்டை, மிகக் குட்டையான வால். உயிர் இருந்தது. தண்ணீர் தெளித்து, வாயிலும் சொட்டுச்சொட்டாக விட்டோம். நண்பகலில் இறந்துவிட்டது. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகி, வேளச்சேரி)

பதில்: நீங்கள் கண்டது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை அது. பயணம் இரவில். களைத்து வரும் பறவையை நகரத்து விளக்குகள் ஈர்த்துத் திசை குழப்புகின்றன. விடியற்காலையில் இறங்க இடம் தேடும்போது கண்ணாடியில் மோதிவிடுகிறது. உங்கள் படிக்கட்டு விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றனவா என்று பாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரையாவது அவற்றை, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரிந்து அணையும் விளக்குகளாக மாற்றும்படி சங்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மோதிய பறவை பெரும்பாலும் கழுத்து முறிந்து சாவதில்லை. மண்டைக்குள் ஏற்படும் வீக்கமும் இரத்தக் கசிவுமே கொல்கின்றன. ஆகவே உங்கள் பறவை எந்த உதவியாலும் பிழைத்திருக்காமல் போயிருக்கலாம்; அதற்காக வருந்த வேண்டாம். மறுமுறை இப்படிக் கண்டால், ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி மெதுவாக எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். மூடிவிட்டு, நிழலும் அமைதியும் உள்ள இடத்தில், பூனையும் காகமும் அணுகாதபடி விட்டுவிடுங்கள். தண்ணீர் புகட்டக் கூடாது. மயக்கத்தில் இருக்கும் பறவையின் மூச்சுக்குழாயில் அது இறங்கிவிடும். உணவும் வேண்டாம். திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும், குழந்தைகளிடம் காட்டுவதும், படம் எடுப்பதும் அதற்குப் பெரும் அச்சத்தைத் தரும். ஓரிரு மணி நேரம் கழித்துப் பெட்டியை மரங்கள் உள்ள இடத்துக்குக் கொண்டு போய்த் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். கையில் பிடித்து மேலே வீசாதீர்கள். அது போகாவிட்டாலோ, ஒரு சிறகு தொங்கினாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாலோ வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இரக்கத்தினால்கூட இத்தகைய பறவையை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.

கேள்வி: மதுரையில் வீடு கட்டவிருக்கிறேன். வெயிலைத் தடுக்க வெளிப்புறம் நிலைக்கண்ணாடி போல மின்னும் கண்ணாடி போடலாம் என்கிறார் பொறியாளர். பறவைகளுக்கு இடையூறு இல்லாமல் எப்படிக் கட்டுவது? (வாசகர், மதுரை)

பதில்: அந்த மின்னும் கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள், பறவைகளுக்கு அதைவிடக் கேடானது வேறில்லை. வெயிலைத் தடுக்க ஆழமான சன்ஷேடும் வெளிப்புறத் தட்டியும் போதும்; கண்ணாடியில் மரத்தின் பிம்பம் விழுவதையும் அவை குறைக்கும். யுபிவிசி ஜன்னல் வைப்பதானால், கொசுவலைக் கதவை மிகவும் வெளிப்பக்கத் தடத்தில் அமைக்கச் சொல்லுங்கள். உள்பக்கத் தடத்தில் வைத்தால் கொசுவுக்குத்தான் தடை, பறவைக்கு இல்லை. இரண்டு கண்ணாடிகள் மூலையில் சந்திக்கும்படியான ஜன்னல் வேண்டாம். அது வழி இருப்பதாகக் காட்டி ஏமாற்றும். படிக்கட்டுப் பகுதிக்கு ஒளி வேண்டுமானால், மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியை, அந்தப் பரப்பு வெளியே பார்க்கும்படி பொருத்தலாம். நியூயார்க் நகரம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், புதிய கட்டடங்களில் 75 அடி உயரம் வரை உள்ள வெளிப்புறத்தில் பெரும்பகுதி பறவைகளுக்குப் புலப்படும் பொருள்களால் ஆனதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. மரங்களின் உயரமும் பறவைகள் மிகுதியாகப் பறக்கும் உயரமும் அதுதான் என்பதால், இரண்டு மாடி வீட்டுக்கும் அதே கவனம் தேவை. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, மோதிச் சாகும் பறவைகளில் ஏறத்தாழ 44 சதவீதம் மூன்று மாடிக்கு மேற்படாத வீடுகளில் மோதியவையே. வரைபடம் முடிவாகும் முன்பே பொறியாளரிடம் இவற்றைச் சொல்லிவிட்டால் தனிச் செலவு எதுவும் பெரிதாக வராது. கண்ணாடி பொருத்திய பிறகு செய்வதானால் மேலே சொன்ன புள்ளிகளும் கொசுவலையும்தான் வழி.