விருந்தாளி வந்தால் நோன்பு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாப்பாட்டைக் கொண்டாடிய மதம் யூதம், உடலை வெறுத்து நோன்பைக் கொண்டுவந்தது கிறிஸ்தவம் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஏசுவையே 'போஜனப்பிரியன்' என்று ஏசினார்களே, அவர் வழிவந்தவர்களுக்கு நோன்பு எங்கிருந்து வந்தது?

எம்., நாகர்கோவில்

அன்புள்ள எம்.,

யூதர்களிடமிருந்துதான். லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயன், அதாவது சமய விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன், வாரம் இருமுறை உபவாசிப்பதாகப் பெருமை பேசுகிறான். அவை திங்களும் வியாழனும். 'திதாக்கே' என்ற ஆதிக் கிறிஸ்தவக் கையேடு, நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. கிழமை மாறியது, வழக்கம் மாறவில்லை.

நோன்பு கூடாத நாட்களையும் இரு தரப்பும் வைத்திருந்தன. பழைய யூத நூலான 'யூதித்து'வின் நாயகி, கைம்பெண் யூதித்து, நாள்தோறும் நோன்பிருந்தவள். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் மட்டும் அதை விட்டாள். 'மெகில்லத் தானித்' என்ற அரமேய ஏடு முழுக்க நோன்பிருக்கக் கூடாத நாட்களின் பட்டியல்தான். ஞாயிறன்று நோன்பிருப்பது தகாது என்று கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்.

என்னை ஆட்கொள்வது வேறொன்று. பழைய ஏற்பாட்டின் நெகேமியா நூலில், நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) வாசிக்கக் கேட்டு அழுத மக்களிடம் அவர்களுடைய தலைவர்கள், அழாதீர்கள், கொழுமையானதை உண்டு இனிப்பானதைக் குடியுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். இது விருந்து. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுந்த 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்ற கிறிஸ்தவ நூல் நோன்புக்கு முறை சொல்கிறது: அன்று அப்பமும் தண்ணீரும் மட்டும். வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்தத் தொகையை விதவைக்கோ அநாதைக்கோ கொடுத்துவிட வேண்டும். உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஏழைக்கு ஒரு பங்கு போகிறது. கொரிந்து நகரக் கிறிஸ்தவ சபையின் பந்தியில் ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்ததை அப்போஸ்தலர் பவுல் அவ்வளவு கடிந்துகொண்டதும் அதனால்தான். இந்தக் கணக்கு இல்லாத பட்டினியைத் தீர்க்கதரிசி ஏசாயா (அதிகாரம் 58) நோன்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. நானும்தான்.

உங்கள் நண்பர் மனதில் இருப்பவர்கள் நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத் துறவிகளாக இருக்கலாம். உடலை அவர்கள் கடுமையாக ஒடுக்கியது உண்மை. ஆனால் அவர்களிடையே வாழ்ந்த துறவி யோவான் காசியன் எழுதுவதைப் பாருங்கள். விருந்தாளி வந்தால் நோன்பை முறித்துவிடுவார்களாம். ஏனென்று கேட்டதற்கு, நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, உங்களை எப்போதும் வைத்திருக்க முடியாதே என்றாராம் ஒரு முதியவர். இன்னொருவர் அன்று வந்த சகோதரர்களுக்காக ஆறுமுறை பந்தி வைத்து, ஒவ்வொரு முறையும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.