சிங்கப்பூரில் இருமொழிப் பராமரிப்பு நிலையத்தில் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத் தமிழாசிரியையாக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

கேட்டவர் தமிழ்நாட்டில் பி.எட். முடித்து, நான்கு வருடம் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தியவர். கணவரின் வேலைக்காக சிங்கப்பூர் வரப்போகிறார். இங்கே ஒரு நிலையத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழாசிரியை வேலை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "அந்த வயசுக் குழந்தைக்கு என்ன தமிழ் நடத்த முடியும்? பாட்டுப் பாடிக் காட்டுவதுதான் வேலையா?" என்று கேட்கிறார்.

நானும் இதே வழியில் வந்தவள். ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கு யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே வந்து பாலர் கல்வியில் பட்டயம் படித்து, இது ஒன்பதாவது வருடம். அதனால் நேராகவே சொல்கிறேன். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு. ஆனால் குழந்தையிடம் தமிழ் போய்ச் சேரும் இடம் அது இல்லை. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தூங்கவைக்கும்போதுதான் போய்ச் சேருகிறது. அந்த நேரங்களில் நீங்கள் குழந்தையின் பக்கத்தில் இருப்பீர்களா என்பதைப் பொறுத்தே இந்த வேலை நல்ல வேலையா, மனசை நோகடிக்கும் வேலையா என்பது முடிவாகும்.

முதலில் இடத்தைப் பற்றி. முழுநாள் நிலையங்கள் காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழு மணிக்கு மூடும். நாம் முறை வைத்து வருவோம். வாசலிலேயே காய்ச்சல் பார்த்து, உள்ளங்கையைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்போம். கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு குழந்தைக்கு வந்தால் ஒரு வாரத்தில் அறையே படுத்துவிடும், அதனால்தான். ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை ஓர் ஆசிரியருக்கு 8 குழந்தைகள். உதவியாளரும் கூட இருந்தால் 12. பெரும்பாலான நிலையங்களில் ஆங்கில ஆசிரியர் ஒருவர், சீன மொழிக்கு ஒரு லாவ்ஷி (சீனத்தில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). தமிழ்க் குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் தமிழாசிரியை எல்லா நிலையத்திலும் இருக்கமாட்டார். இருக்கிற இடத்திலும் பல அறைகளுக்கு ஒருவர்தான் இருப்பார்.

தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகையில் இருக்கிறது, நாணயத்தில் இருக்கிறது. வீட்டில்தான் குறைந்துகொண்டே போகிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 ஆகிவிட்டது. என்னிடம் வரும் குழந்தைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் ஆங்கிலம்தான் காதில் விழுகிறது. அப்பா அம்மா இருவரும் தமிழர்கள், இருவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் பிள்ளையிடம் ஆங்கிலம். பகலில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் இந்தோனேசியாவிலிருந்து வந்தவராக இருப்பார். தாத்தா பாட்டி ஊரில் இருப்பார்கள். அப்படியென்றால் அந்தக் குழந்தைக்கு ஒரு நாளில் கிடைக்கும் தமிழ் முழுக்க நீங்கள் பேசும் தமிழ்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றில் கனமாக இருக்கும். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும் நாட்களில் விடாமல் பிடித்துவைப்பதும் இந்த நினைப்புதான்.

நான் முதலில் சேர்ந்த நிலையத்தில் என்னை ஒரு வாத்தியம் மாதிரி அறை அறையாக எடுத்துப்போனார்கள். ஓர் அறையில் அரை மணி நேரம். உள்ளே போனதும் விளையாட்டை நிறுத்தி, எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, யானைப் படம், பூப் படம், ஒரு பாட்டு, டாட்டா. மூக்கைத் துடைப்பது ஒருவர், டயப்பர் மாற்றுவது ஒருவர், தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பது ஒருவர். அதில் எதிலும் நான் இல்லை. ஒரு பையன் நான் கதவைத் திறந்தாலே அழுவான். அவன் அடுக்கிவைத்திருக்கும் கட்டைகளை ஓரம்கட்டச் சொல்பவள் நான்தானே. ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தைகளுக்கு 'யானை' தெரியும், 'பூ' தெரியும், ஒருவருக்குக்கூட 'வா' சொல்ல வராது.

இரண்டாவது இடத்தில் சேரும்போது முதல்வரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். மதியம் குளிப்பாட்டுவதையும் தூங்கவைப்பதையும் எனக்குக் கொடுங்கள், அது தமிழில் நடக்கட்டும் என்றேன். யாரும் விரும்பிக் கேட்காத வேலை என்பதால் உடனே கிடைத்தது.

அப்போது இரண்டு வயது இரண்டு மாதத்தில் ஒரு பையன் இருந்தான். தமிழ் என்று ஒரு சொல் வாயில் கிடையாது. தினமும் அவனை நிறுத்திவைத்து ஒரே வரிசையில், ஒரே சொற்களில் பேசுவேன். "தண்ணி ஊத்தலாமா? சூடா இருக்கா? இந்தக் கை தா. அந்தக் கை எங்க? திரும்பு, முதுகு தேய்க்கலாம். தொப்புளுக்குச் சோப்பு. போதுமா?" வேறு ஒன்றும் இல்லை. பதில் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒருநாள், ஒரு கைக்குச் சோப்புப் போட்டுவிட்டு, கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் மற்றக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறான். "அந்த கை" என்கிறான்.

படத்தைக் காட்டி 'கை' என்று சொல்லவைத்திருந்தால் அது வந்திருக்காது. 'அந்த' என்பது படத்தில் இல்லை. வேலை பாதியில் நிற்கிறது, இன்னொரு கை பாக்கி இருக்கிறது என்று உடம்பே அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் உட்கார்ந்து, 12 தடவை, விளையாடிக்கொண்டும் புத்தகம் காட்டிக்கொண்டும் பேசினார்கள். அந்தக் குழந்தைகளால் அதன் பிறகு சீன ஒலிகளைப் பிரித்துணர முடிந்தது. அதே ஆட்கள் அதே அளவு நேரம் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலியாக மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. "வீட்ல தமிழ் ரைம்ஸ் நிறைய போட்டுக் காட்டுறோம் டீச்சர், ஆனா பேசவே மாட்டேங்கிறான்" என்று வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான். டேப்லட்டை மூடிவிட்டு, சாப்பாடு ஊட்டும் இருபது நிமிடம் தமிழில் பேசுங்கள், போதும்.

ஒரு தப்பு நான் செய்தேன், நீங்கள் செய்துவிடாதீர்கள். குழந்தை "வாட்டர்" என்று கேட்டால், "தமிழ்ல சொல்லு, தண்ணி சொல்லு" என்று குவளையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தை என்னிடம் தண்ணீர் கேட்பதையே நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தால் லாவ்ஷியிடம் போய் நிற்பாள். அது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரிந்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இப்போது "வாட்டர்" என்றால் அந்த நொடியே கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது, "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி. மெதுவா குடி" என்பேன். அவள் எந்த மொழியில் கேட்டாலும் நான் தமிழில் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். பல குழந்தைகள் மாதக்கணக்கில் எல்லாம் புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார்கள். அது வீண் காலம் இல்லை, உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தத் தமிழ் பேசுவது என்று கேட்பீர்கள். ஊரில் வகுப்பில் நாம் பேசியதை இங்கே எடுத்துவர வேண்டாம். பேச்சுத் தமிழ்தான், திருத்தமான பேச்சுத் தமிழ். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. இரண்டு வயதுக் குழந்தையிடம் "நீர் அருந்துகிறாயா" என்றால் அந்த மொழிக்கு வீடு கிடையாது. பாட்டியோடு போனில் பேசவும் உதவாது. நான் குழந்தைகளையும் "வாங்க, உக்காருங்க" என்றே கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டே வளர்ந்த ஒரு வாண்டு, அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே படுத்திருந்த பூனையைப் பார்த்து "வாங்க பூனை, வாங்க" என்று கூப்பிட்டதாக அவன் அம்மா வந்து சொன்னபோது அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

கடி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் கடிப்பார்கள். ஒருநாள் ஒரு சிவப்பு வண்டிக்காக ஒருத்தி இன்னொருத்தியின் முன்கையில் கடித்துவிட்டாள், எட்டுப் பல்லும் பதிந்திருந்தது. ஐஸ் ஒத்தடம், படிவம், இரண்டு வீட்டுக்கும் தகவல். கடிபட்டவளின் அம்மா கண் கலங்கி நின்றபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. (2024 ஜூலையிலிருந்து எல்லாப் பாலர் பள்ளிகளிலும் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். அதற்குப் பயப்படாதீர்கள், நல்ல ஆசிரியருக்கு அது துணைதான்.) கடித்த குழந்தை கெட்ட குழந்தை இல்லை. அவளுக்கு வண்டி வேண்டும், அதைக் கேட்க எந்த மொழியிலும் சொல் இல்லை, பல் இருக்கிறது. அதனால் நான் நிறங்களையும் எண்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கொடுப்பது நான்கே சொற்கள்: தா, வேணாம், என்னுது, அப்புறம். இதில் 'அப்புறம்' கடைசியில்தான் வரும், வந்துவிட்டால் அறையே மாறிவிடும். "அவ அப்புறம், நீ இப்போ." ஒருத்தி வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அப்றம், அப்றம்" என்று சொல்வதைக் கேட்டால் தெரியும், அவள் இனிமேல் தள்ளமாட்டாள், கடிக்கமாட்டாள்.

பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பது, "இரண்டு மொழி குழப்பிவிடாதா, பேச்சு தாமதமாகாதா?" என்பதுதான். ஆகாது. "மில்க் வேணும்" என்று கலந்து பேசுவது குழப்பம் இல்லை, கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் போடுகிறது குழந்தை. ஆனால் இந்தப் பதிலையே சாக்காக வைத்து, கவனிக்க வேண்டியதை விட்டுவிடவும் கூடாது. இரண்டு வயதில் எல்லா மொழியையும் சேர்த்து எண்ணினால் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல்லை ஒட்டவைத்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முப்பது, தமிழில் இருபத்தைந்து இருந்தால் அந்தக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் சேர்த்தே பத்துதான் என்றால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகச் சொல்வேன். அங்கிருந்து கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இதைச் சொல்லும்போது பெற்றோரின் முகம் வாடும். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், இந்த வயதில் ஆறு மாதம் என்பது நீண்ட காலம்.

உடம்புக்குக் கடினமான வேலை. ஒரு நாளில் எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழுந்தேன் என்று எண்ணியதே இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோ குழந்தையைத் தூக்குவது இடுப்புக்குத் தெரியும். புதிதாகச் சேரும் குழந்தைகள் முதல் இரண்டு வாரம் அழுவார்கள், அம்மா போன கதவையே பார்ப்பார்கள். சேர்ந்த முதல் வருடம் உங்களுக்கும் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். பி.எட். மட்டும் போதாது, அரசின் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு ஏற்கும் பயிற்சி வேண்டும். நிலையமே படிக்க அனுப்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் சம்பளம், விடுமுறை எல்லாம் கேளுங்கள், சரி. அதோடு, "ஒரே அறையில் எவ்வளவு நேரம் இருப்பேன்? குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நான் இருப்பேனா?" என்று கேளுங்கள். "இல்லை, உங்களுக்குத் தமிழ் நேரம் மட்டும்தான்" என்றால், வேறு நிலையம் பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். முடியாவிட்டால் சேர்ந்த பிறகு ஒரு வேளைச் சாப்பாட்டையாவது கேட்டு வாங்குங்கள்.

புடவை இங்கே ஒத்துவராது. பருத்திச் சுடிதார் எடுத்துவாருங்கள், ஒரு மாற்றுத்துணி எப்போதும் நிலையத்திலேயே இருக்கட்டும். பெட்டியில் இடம் இருந்தால் ஊரிலிருந்து சின்ன முறம் இரண்டு வாங்கிவாருங்கள். பருப்பு, பயறு எதுவும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். நான் பெரிய பஞ்சு உருண்டைகளைப் போட்டுக் கொடுக்கிறேன். "புடை, புடை, மெதுவா" என்றால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து புடைக்கிறார்கள். எல்லாம் தரையில் கொட்டிய பிறகு "பொறுக்கலாமா?" என்று என்னைக் கேட்பது அவர்கள்தான்.