மீன் குழம்பு, பாதரசம், குடல் கிருமிகள்: சில கேள்விகள்

பாதரசம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று மதுரைப் பக்கத்திலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். நுண்ணுயிரியல் பாடம் நடத்தியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லூர்: அண்ணே, தெர்மாமீட்டர் உடைந்து பையன் ஒரு சொட்டு விழுங்கிவிட்டான்!
கண்ணாடிச் சில்லு போயிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்கிய பாதரசம் ரத்தத்தில் அநேகமாகச் சேராது, மலத்தோடு போய்விடும். தரையில் சிந்தியதுதான் மோசம். ஆவியாக மூச்சில் போனால் 80 சதவீதம் உடம்பில் தங்கும். விளக்குமாறு போடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, மணிகளை அட்டையால் ஒதுக்கிப் பாட்டிலில் அடையுங்கள்.

திருமங்கலம்: மீனில் இருப்பதும் இதேதானா சார்?
இல்லை, அது மெத்தில் பாதரசம், அதாவது மெத்தில் என்ற கரிமத் துணுக்கு ஒட்டிய பாதரசம். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா தயாரிப்பது. சாப்பிட்டால் 95 சதவீதம்வரை உடம்பில் ஏறும். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன அளவு கூடும். அதனால் சுறாவைக் குறையுங்கள். நெத்திலி, அயிரைக் குழம்புக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

மேலூர்: அப்புறம் குடல் கிருமிக்கு இதில் என்ன வேலை?
அதுதான் முக்கியமான கேள்வி. கல்லீரல் மெத்தில் பாதரசத்தைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளும். குடல் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். இப்படியே சுற்றிக்கொண்டிருப்பதால் பாதி வெளியேறவே சுமார் 50 முதல் 70 நாள் ஆகும். இடையில் புகுந்து மெத்திலைக் கழற்றிவிடுவது குடல் பாக்டீரியாதான். கழன்ற பாதரசத்தைக் குடல் லேசில் உறிஞ்சாது, அது வெளியே போகும். ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலிகளுக்கு மலத்தில் பாதரசம் குறைந்து உடம்பில் கூடியது. சளிக்கெல்லாம் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அதே நண்பர்: நம் குடலே மெத்தில் பாதரசம் செய்யாதா?
அதற்கு வேண்டிய இரண்டு மரபணுக்களை 2013ல் கண்டுபிடித்தார்கள். மனிதக் குடலில் தேடினால் அவை அநேகமாகக் கிடைப்பதில்லை.

உசிலம்பட்டி: பழைய சோறு சாப்பிட்டால் இறங்கிவிடுமா?
கோதுமைத் தவிடு தின்ற எலிகளிடம் வெளியேற்றம் கூடியது. அதை வைத்துப் பழைய சோற்றை மருந்தாக்க முடியாது. ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

வாடிப்பட்டி: கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மூடியாச்சே, காட்டுப் பிராணிகளுக்கு இன்னும் என்ன கவலை?
மூடியது 2001ல். மண்ணில் இறங்கிய பாதரசம் ஆலையோடு மூடிக்கொள்ளாது. அங்கே எந்தப் பிராணியிடம் எவ்வளவு என்று நான் சொல்ல வரவில்லை. பொதுவாக, சில மண்புழுக்களின் குடலிலேயே பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. அந்தப் புழுவைக் கொத்தும் பறவைக்கு அது போய்ச் சேரும். பறவை ஒரு பங்கை இறகில் ஏற்றி உதிர்த்துவிடும், நமக்கு முடி மாதிரி.

அனுப்பானடி: பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறேன், பிடுங்கிவிடலாமா?
அதில் பாதிக்குப் பாதி பாதரசம்தான். அப்படி அடைத்த குரங்குகளின் குடலில் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியா பெருகியது. அவற்றில் பல ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியவில்லை என்று 1993ல் எழுதினார்கள். ஆனாலும் நன்றாக இருக்கும் அடைப்பைக் குடையாதீர்கள். குடையும்போதுதான் ஆவி அதிகம்.