டாக்காவிலிருந்து அரிசோனாவுக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: புதிய மருந்தோ சிகிச்சை முறையோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதலில் வந்து, பல ஆண்டுகள் கழித்தே நம்மை எட்டுகிறது. இதற்கு நேர்மாறாக, ஏழை நாடுகளில் உருவாகிப் பணக்கார நாடுகளுக்குப் போனது ஏதேனும் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அப்படிப் போனதுதான். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது சோடியமும் கூடவே உறிஞ்சப்படுகிறது என்பதை 1960-இல் விளக்கியவர் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர். ஆனால், அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தியதை லான்செட் இதழில் எழுதியிருந்தார். அன்று அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1968-இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் அமெரிக்க மருத்துவர்கள், இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை சுமார் 80 சதவீதம் குறையும் என்று முறையான ஆய்வின் மூலம் காட்டினார்கள்.

அதற்கான பெரும் சோதனை 1971-இல் வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்து வந்த அகதிகள் நிரம்பியிருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் காலரா பரவியபோது, அங்குள்ள மருத்துவமனையின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் (சலைன்) பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மகலானபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். கொல்கத்தாவில் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து பொட்டலம் கட்டச் செய்து, முகாமில் டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களே மொண்டு கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம், அவருடைய கண்காணிப்பில் இருந்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தாயின் கையில் ஒரு குவளையைக் கொடுத்தே உயிரைக் காக்கலாம் என்று நிறுவிய அந்த மனிதரின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர் 2022-இல் காலமான பின்னரே, 2023-இல், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

கேள்வி: இவ்வளவு மலிவான, எளிய சிகிச்சையை அமெரிக்கா உடனே ஏற்றுக்கொண்டதா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை. அரிசோனாவின் அபாச்சி பழங்குடியினர் குடியிருப்பில், டாக்காவில் பணியாற்றித் திரும்பிய நோர்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன் 1970களின் தொடக்கத்திலேயே குழந்தைகளுக்கு இக்கரைசலைக் கொடுத்து நல்ல பலன் கண்டார். ஆயினும், காலராவுக்கென வகுத்த கரைசலில் சோடியம் மிகுதி, அது ஊட்டம் நிறைந்த அமெரிக்கக் குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஆகாது என்று பல குழந்தை மருத்துவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியும் பாட்டிலும் இருந்தால்தான் சிகிச்சை என்ற பழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அச்சத்தை நேருக்கு நேர் ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மதுரம் சந்தோஷம். அமெரிக்காவிலும் பனாமாவிலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, ஊட்டக்குறைவற்ற குழந்தைகளிடம் சோடியம் மிகுந்த கரைசல், குறைந்த கரைசல் இரண்டையும் கொடுத்து, இரண்டுமே பாதுகாப்பானவை என்று அவரும் உடனிருந்தவர்களும் 1982-இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1985-இல், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வாய்வழிக் கரைசலைப் பரிந்துரைத்தது. டாக்கா ஆய்வுக்கும் இதற்கும் இடையே 17 ஆண்டுகள்!

கேள்வி: அப்படியானால், இவை பணமில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடுகள்தாமே? வசதி உள்ளவர்களுக்கு அவை எதற்கு? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த எண்ணத்தோடு நான் உடன்படவில்லை. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மகப்பேறு மருத்துவமனையில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குறைமாதக் குழந்தைகளைப் படுக்கவைக்கும் நெருக்கடி இருந்ததால், 1978-இல் மருத்துவர் எட்கார் ரே குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கச் செய்தார். நம் அரசு மருத்துவமனைகளிலும் நடைமுறையில் உள்ள கங்காரு தாய் பராமரிப்பு இதுவே. இன்குபேட்டருக்குக் குறைவே இல்லாத ஸ்வீடன் அதை ஏற்றது, தாய்ப்பால் நன்கு புகட்ட முடிவதையும் தாய்–சேய் நெருக்கம் கூடுவதையும் கண்டதால்தான். பிறந்த உடனேயே இதைத் தொடங்குவது பற்றி, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் பங்கேற்ற ஆய்வு 2021-இல் வெளியானது. குழந்தையின் உடல்நிலை சீராகும் வரை காத்திருந்து தொடங்கும் வழக்கமான முறையோடு ஒப்பிடுகையில், முதல் 28 நாட்களில் நேரும் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. அந்தப் பரிந்துரை பணக்கார நாடு, ஏழை நாடு என்று பிரித்துப் பார்க்கவில்லை.