கவுட் வலி: வருவதும் அடங்குவதும் எப்படி? (கேள்வி பதில்)

கவுட் என்பது யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் மூட்டு நோய். நான் அழற்சி குறித்த ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், சிகிச்சை தரும் மருத்துவர் அல்ல. அதனால் மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான்.

கேள்வி: நாலு வருஷமாக யூரிக் அமிலம் 8-க்கு மேல்தான், ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாண விருந்து சாப்பிட்ட ராத்திரி கட்டைவிரல் வீங்கிச் சிவந்துவிட்டது. ஒரே ராத்திரியில் எப்படி?

வலிதான் அன்று வந்தது. படிகங்கள் அதற்கு முன்பே சேர்ந்திருக்கும். யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும். கால் விரல் உடம்பின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சி, அங்கே படிவது சுலபம்.

மூட்டிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் படிகத்தை விழுங்கினாலும் உடனே வீக்கம் வராது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமல்லவா, அதுபோல இங்கேயும் இரண்டு சமிக்ஞை. முதலாவது, அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் முன்வடிவைத் தயாரிக்கச் சொல்கிறது. விருந்துக்குப் பின் ரத்தத்தில் கூடும் கொழுப்பு அமிலங்களால் இதைத் தர முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டாவது சாவி படிகம். அது உள்ளே போனதும் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பு உருவாகி, காஸ்பேஸ்-1 நொதி அந்த முன்வடிவை வெட்டி விடுவிக்கிறது. சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்கள் வந்து குவிகின்றன. படிகத்துக்கும் இந்த இன்ஃப்ளமசோமுக்கும் உள்ள தொடர்பை 2006-இல் சுவிட்சர்லாந்தின் யுர்க் ஷோப் குழு வெளியிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு மாத்திரை போடாமலே பத்து நாளில் சரியாகிவிட்டது. குணமாகிவிட்டதா?

இல்லை. அடங்கியது வலி மட்டும். குவிந்த நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசுகின்றன. வலைகள் திரண்டதும், அவற்றில் ஒட்டியிருக்கும் நொதிகள் அழற்சியைத் தூண்டும் புரதங்களை அரித்துவிடும். ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியது இது. இறந்த செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், அழற்சியைத் தணிக்கும் டிஜிஎஃப்-பீட்டாவையும் சுரக்கின்றன. நெருப்பை மூட்டிய கூட்டமே அணைக்கவும் செய்கிறது! ஆனால் படிகம் மூட்டிலேயே இருக்கிறது. யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது கரையும்.

கேள்வி: அலோபியூரினால் ஆரம்பித்ததும் வலி கூடிவிட்டது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அலோபியூரினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. படிவு கரையும்போது துணுக்குகள் உதிர்ந்து மறுபடி அழற்சியைத் தூண்டும். அதனால்தான் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள், முதல் 3 முதல் 6 மாதம் வலி வராமல் தடுக்கும் மருந்தும் சேர்த்துத் தருவார்கள். ஒன்று மட்டும் முக்கியம்: தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வலி இருக்கும்போது எடுத்த டெஸ்டில் 5.9 தான். அப்போ கவுட் இல்லையா?

இருக்கலாம். வலி வந்த சமயத்தில் அளவு இறங்குவதுண்டு. அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: கவுட் மாத்திரையில் இருப்பது செங்காந்தளில் இருக்கிறதாமே. தோட்டத்துக் கிழங்கை அரைத்துக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கவுட் வலிக்குத் தரும் கோல்கிசின் என்ற மருந்து அதில் இருப்பது உண்மைதான். செல்லின் உள்ளே சாரம்போல நிற்கும் நுண்குழாய்களை அது குலைப்பதால் நியூட்ரோஃபில்களின் நகர்வு தடைபடுகிறது. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, கிழங்கில் எவ்வளவு இருக்கிறதென்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. அதைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மாத்திரையிலுமே கவனம் வேண்டும்: சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கிளாரித்ரோமைசின் சாப்பிட்டாலோ கோல்கிசின் உடம்பில் தேங்கிவிடும். இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.